மினுக்கின் விலை: புதுக் காரில் விழும் கீறலும் பாலிஷ் தடமும்

வடசென்னையில் கொருக்குப்பேட்டைத் தெரு ஒன்றில் புதுக் கார் வந்து நிற்கிற நாள் அந்தத் தெருவுக்கே விசேஷம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கும். பூசணிக்காய் உடையும். பானட்டில் சந்தனமும் குங்குமமும் ஏறும், முன்பக்கம் சாமந்தி மாலை தொங்கும். மறுநாள் காலையில் மாலையைப் பிடித்து இழுத்து எடுப்பார்கள். காய்ந்துபோன சந்தனத்தை ஈரத்துணியால் அழுத்தித் தேய்ப்பார்கள். இரவு முழுக்கப் படிந்த தூசியை உலர்ந்த துணியால் துடைத்துவிடுவார்கள். எல்லாம் ஆசையோடு செய்வதுதான். பத்து நாள் கழித்து பெட்ரோல் பங்க்கின் வெள்ளை விளக்குக்குக் கீழே வண்டி நிற்கும்போது, விளக்கின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னினாற்போல நூறு நூறாய் மெல்லிய கோடுகள் தெரியும். புது வண்டியை யார் கீறியது என்ற கேள்வி அங்கே பிறக்கிறது.

ஷோரூமில் கேட்டால் ரோட்டுத் தூசி என்பார்கள். வாட்டர் சர்வீஸ்காரரைக் கேட்டால் இந்தக் காலத்துப் பெயிண்டே மெலிசு என்பார். பெயிண்டரிடம் போனால், “ஒரு பஃபிங் போட்டா புதுசாயிடும் சார்” என்பார். மூவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் வண்டிக்காரர் எடுக்க வேண்டிய முடிவுக்கு இந்த மூன்று பதிலும் போதாது. பூச்சு எதனால் ஆனது, தடங்கள் எத்தனை வகை, வடசென்னையில் அவை ஏன் அதிகம், எதை நீக்கலாம், எதை விட்டுவிடலாம், ஷோரூமிலேயே பாலிஷ் போட்டுக் கொடுத்த வண்டிக்கு யார் பொறுப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கீறலைப் போக்குவது என்று நாம் சொல்வது, பெரும்பாலும் கீறலைச் சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்துக் குறைப்பதுதான். அப்படிக் குறைந்தது திரும்ப வராது. எவ்வளவு குறைக்கலாம், அதை யார் தீர்மானிப்பது என்பதில்தான் இந்த விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

நான்கு அடுக்கு, இரண்டு முடி

காரின் தகட்டுக்கு மேல் பொதுவாக நான்கு அடுக்குகள் உண்டு. முதலில், முழு பாடியையும் தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சி ஏற்றுகிற துருத்தடுப்புப் பூச்சு. சுமார் 20 மைக்ரான். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்கு மேல் பிரைமர், 30 மைக்ரானை ஒட்டி. மூன்றாவதாக நிறம் தரும் பேஸ் கோட், 12 முதல் 20 மைக்ரான். எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட், 35 முதல் 50 மைக்ரான். மொத்தம் கூட்டினால் சுமார் 100 முதல் 120 மைக்ரான் வரும். ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், காரின் பூச்சு முழுவதும் இரண்டு முடியை அடுக்கி வைத்த அளவுகூட இல்லை.

நாம் தொடுவதும் துடைப்பதும் கீறுவதும் பெரும்பாலும் கிளியர் கோட்டைத்தான். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கிக்கொள்ளும் வேதிப்பொருள்கள் கலந்திருப்பதும் அதில்தான். அது மெலிந்தால் நிறம் வெளுக்கும். இன்னும் மெலிந்தால் தோல் உரிவதுபோலப் படலம் படலமாக உரியும். சென்னையில் ஏழெட்டு வருஷம் வெயிலில் நின்ற வண்டிகளின் கூரையில் வெள்ளைத் திட்டுகளாகத் தெரிவது இதுதான்.

மெல்லிய பாலிஷ் ஒரு சுற்றில் கிளியர் கோட்டில் சுமார் 1 மைக்ரானோ அதற்கும் குறைவாகவோ எடுக்கும். கரடான காம்பவுண்டும் கம்பளிப் பஞ்சும் சேர்ந்தால் 2, 3 மைக்ரான் போகலாம். வாட்டர் பேப்பரால் தேய்த்தால் இன்னும் அதிகம். 40 மைக்ரான் இருக்கிற இடத்தில் 2 மைக்ரான் பெரிதில்லை என்று தோன்றும். ஆனால் கிளியர் கோட் எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் இருப்பதில்லை. கதவின் விளிம்பிலும் பானட்டின் மடிப்புக் கோட்டிலும் அது மெலிசு. மிஷின் வேகமாக உரசுவதும் அங்கேதான். பஃபிங்கில் ‘பெயிண்ட் எரிந்துபோவது’ முதலில் விளிம்பில்தான் நடக்கிறது.

பழைய காலத்துக் கைப்பழக்கம்

வடசென்னைக்கும் வண்டிப் பூச்சுக்கும் பழைய உறவு. எண்ணூரில் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், அடுத்த ஆண்டு முதல் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி அனுப்பியது. பின்னாளில் அசோக் லேலண்ட் ஆனது இந்த நிறுவனம்தான். திருவொற்றியூரில் 1955-இல் வேரூன்றிய என்ஃபீல்டு, பெட்ரோல் டேங்கின் மேல் தூரிகையைப் பிடித்துக் கையாலேயே தங்கக் கோடு இழுக்கும் கலையால் பேர் பெற்றது. ‘மெட்ராஸ் ஸ்ட்ரைப்ஸ்’ என்றே அதற்குப் பெயர். தண்டையார்பேட்டையிலும் புதுப்பேட்டையிலும் பட்டி, டிங்கரிங், பெயிண்டிங் என்று பலகை வைத்துத் தொழில் செய்பவர்களில் பலர், தந்தையிடமோ குருவிடமோ கை பிடித்துக் கற்றவர்கள்.

அவர்கள் கற்ற காலத்தின் பெயிண்ட் வேறு. 1920-களில் அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனம் கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் உலகெங்கும் பரவியது. நம்மூர்ப் பட்டறைகளில் அதற்கு என்.சி. பெயிண்ட் என்று பெயர். அது காற்றில் உலரும்; உலர்ந்ததும் மங்கலாக இருக்கும். வாட்டர் பேப்பர் போட்டு, காம்பவுண்ட் போட்டு, கை வலிக்கத் தேய்த்தால்தான் பளபளப்பு வரும். அந்தப் பெயிண்டில் தேய்ப்பது பூச்சு வேலையின் கடைசிக் கட்டம். அதற்குத் தகுந்தாற்போலப் பல கோட் கனமாக ஏற்றியிருப்பார்கள். அம்பாசிடர் காலத்தில் ஆண்டுக்கொரு முறை வண்டியைத் தேய்த்து மினுக்கியபோது துணியில் வண்டியின் நிறமே ஒட்டிக்கொண்டு வரும். வெயிலில் செத்த மேல்தோல் போய், அடியிலிருந்த புது நிறம் வெளியே வரும். அன்றைக்கு அது சரியான வைத்தியம்.

இன்றைய கார், தொழிற்சாலையில் சுமார் 140 டிகிரி சூட்டில் வேகவைக்கப்பட்டு, பளபளப்போடுதான் அடுப்பிலிருந்து வெளியே வருகிறது. தேய்த்துப் பளபளப்பு வரவழைக்கிற வேலை அங்கே மிச்சமில்லை. ஆனால் கை பழைய பழக்கத்தை விடவில்லை. தேய்த்தால் நல்லது என்ற நம்பிக்கை, தேய்த்தால் குறைகிற பூச்சின் மேலும் தொடர்கிறது. இதில் பெயிண்டர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் கையில் இருப்பது ஒரு காலத்தில் உண்மையிலேயே வேலை செய்த அறிவு. பூச்சு மாறியதை அவர்களுக்கு உட்கார்ந்து சொல்லித்தரத்தான் ஆளில்லை.

தடங்களைப் பிரித்தறிதல்

கீறல் என்று பொதுவாகச் சொல்வதில் குறைந்தது ஐந்து வகை உண்டு. வைத்தியம் ஒவ்வொன்றுக்கும் வேறு.

முதலாவது, துடைப்பதால் வரும் மெல்லிய கோடுகள். எவர்சில்வர் தட்டைக் கம்பி நாரால் தேய்த்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். வெளிச்சத்தைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரியும். உண்மையில் கோடுகள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்காகக் கிடப்பவை மட்டும் கண்ணுக்கு ஒளியைத் திருப்புவதால் வட்டமாகத் தோன்றுகின்றன. காரிலும் இதேதான். கறுப்பு வண்டியில் நன்றாகத் தெரியும், வெள்ளையில் மறைந்திருக்கும். எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றே.

இரண்டாவது, பாலிஷ் மிஷின் விட்டுப்போகும் தடம். ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் ரோட்டரி மிஷினைச் சாய்த்துப் பிடித்தால், வெயிலில் பார்க்கும்போது நிழலும் ஒளியுமாக அலை அலையாக நகரும் தடம் தெரியும். இதை ஹோலோகிராம் என்பார்கள். துடைத்த கீறல் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும்; இது மிஷின் போன வழியைப் பாதை போட்டுக் காட்டும். புது வண்டியில் இது தெரிந்தால், உங்களிடம் வருவதற்கு முன்பே யாரோ எதையோ தேய்த்திருக்கிறார்கள் என்று பொருள்.

மூன்றாவது, கிளியர் கோட்டுக்குள்ளேயே நின்றுவிட்ட தனிக் கீறல். சாவி உரசியது, பையின் ஜிப் பட்டது, மாலையின் கம்பி இழுத்தது. தண்ணீர் ஊற்றினால் ஒரு நிமிஷம் மறைந்துவிடும். நகத்தை மெல்ல ஓட்டினால் மாட்டாது. நான்காவது, நகம் மாட்டுகிற கீறல். நிற அடுக்கையோ, பிரைமரையோ, சில வேளை தகட்டையோ தொட்டது. கீறலின் அடியில் வெள்ளையோ சாம்பலோ தெரிந்தால் பிரைமர், மினுமினுத்தால் தகடு.

ஐந்தாவது, கீறலே இல்லாத ஆனால் கீறலாக எண்ணப்படுபவை: பறவை எச்சம் அரித்த வட்டம், போர்த் தண்ணீர் காய்ந்த வெள்ளைப் புள்ளி, பழுப்புத் துருப்புள்ளி. இந்தக் கடைசி வகைதான் நம் பகுதிக்கு முக்கியம்.

வடசென்னைத் தூசியின் இயல்பு

கொருக்குப்பேட்டையில் நிறுத்திய காரின் மேல் ஒரே இரவில் படிவதைத் தொட்டுப் பார்த்தால், அது ஒரு வகைத் தூசி இல்லை என்று விரலுக்கே தெரியும். ஒரு பக்கம் சரக்கு ரயில் யார்டு. இன்னொரு பக்கம் கொடுங்கையூர் குப்பைக் கிடங்கின் புகை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் எண்ணூர் விரைவுச் சாலையிலும் இரவு பகலாகக் கன்டெய்னர் லாரிகள். வடக்கே அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம்; அதன் சாம்பல் குளங்களும் நிலக்கரிக் குவியல்களும். 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் சென்னைத் துறைமுகத்தை விட்டு எண்ணூருக்குப் போயின. ராயபுரம் கொஞ்சம் மூச்சு விட்டது. எண்ணூருக்குச் சுமை கூடியது.

நிலக்கரி மிருதுவானது. அதோடு கலந்திருக்கும் மண்ணும், எரித்த பிறகு மிஞ்சும் சாம்பலும் அப்படியல்ல. இந்திய நிலக்கரியில் சாம்பல் பங்கு அதிகம், 30 சதவீதத்துக்கு மேல். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும். சாலை மணலில் இருக்கும் குவார்ட்ஸ், கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் 7. ஜன்னல் கண்ணாடியே சுமார் 5.5-தான். கிளியர் கோட்டோ ஒரு வகைப் பிளாஸ்டிக். உலர்ந்த துணியால் துடைக்கும்போது இந்தத் துகள்களைத் துணிக்கும் பூச்சுக்கும் நடுவே வைத்து இழுக்கிறோம். அந்த நேரத்தில் துணி உப்புத்தாளாகிவிடுகிறது. தூசி படிந்த வண்டியின் மேல் கவர் போட்டு மூடினாலும் இதே கதைதான். கடல் காற்று இரவு முழுக்கக் கவரை ஆட்டிக்கொண்டே இருக்கும்.

ரயில் பாதைக்குப் பக்கத்தில் நிற்கிற வெள்ளை வண்டிகளில் ஒன்றிரண்டு மாதத்தில் ஊசிமுனைப் பழுப்புப் புள்ளிகள் வரும். புது வண்டி துருப்பிடிக்கிறது என்று பதறிப்போவார்கள். சக்கரமும் பிரேக்கும் தண்டவாளமும் உரசுவதால் பறக்கும் இரும்புத் துகள்கள் பூச்சில் ஒட்டி, உப்புக் காற்றில் துருவாகின்றன. தகடு நன்றாகவே இருக்கும். இதைச் சுரண்டக் கூடாது. பாலிஷும் முதல் வைத்தியம் இல்லை. இரும்பைக் கரைக்கும் திரவம் கடைகளில் கிடைக்கிறது. தெளித்தால் துகள் இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாக வழியும். சில நிமிஷத்தில், காய்வதற்குள் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். மீதமிருப்பதை, களிமண் போல் பிசைய வரும் கிளே பாரால் ஈரத்தோடு மெல்ல உருட்டி எடுக்கலாம்.

தண்ணீரும் ஒரு காரணி. மீஞ்சூர் பக்கத்து நிலத்தடி நீரில் கடல் ஊடுருவியது பல ஆண்டுகளாகத் தெரிந்த செய்தி. கடலோரத்து போர்த் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது. அதை விட்டுக் கழுவி வெயிலில் காயவிட்டால் ஒவ்வொரு சொட்டும் ஒரு வெள்ளை வளையமாகிறது. புதிதாக இருக்கும்போது, தண்ணீரில் கலந்த வினிகரைத் துணியில் நனைத்து ஒற்றி எடுத்து உடனே கழுவினால் பெரும்பாலும் போய்விடும். வெயிலில் பல நாள் வெந்துவிட்டால் பூச்சையே அரித்திருக்கும்.

ஷோரூமுக்கு முன்னால் நடந்தவை

கார் தொழிற்சாலைகளில் பூச்சுக்குப் பக்கத்தில் வேலை செய்பவர்கள் மோதிரம், கைக்கடிகாரம் அணிவதில்லை. பெல்ட் பக்கிளையும் பட்டனையும் மூடியிருப்பார்கள். 2010 முதல் எண்ணூர்த் துறைமுகம் வழியாகக் கப்பலேறும் நிசான் கார்களாகட்டும், சென்னைத் துறைமுகம் வழியாகப் போகும் ஹூண்டாய் கார்களாகட்டும், பூச்சைக் காப்பதற்கே தனி ஒழுங்கு உண்டு. உள்ளூர் விற்பனைக்கு வரும் வண்டியின் பயணம் வேறு: டிரெய்லர் லாரி, திறந்தவெளி ஸ்டாக் யார்டு, வாரக்கணக்கில் வெயிலும் மழையும், கடைசியில் டெலிவரிக்கு முந்தின நாள் அவசர அவசரமாக ஒரு கழுவல். அந்தக் கழுவலில் விழுந்த கீறலை மறைக்க ஒரு பஃபிங். புது வண்டியில் காணும் மிஷின் தடங்கள் பெரும்பாலும் இந்தக் கடைசி நாளில் பிறக்கின்றன.

விற்பதற்கு முன் பூச்சில் கைவைத்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி உலகப் புகழ் பெற்ற ஒரு வழக்காகவே ஆனது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஐரா கோர் என்ற மருத்துவர் 1990-இல் சுமார் 40,750 டாலர் கொடுத்து புது பி.எம்.டபிள்யூ வாங்கினார். ஒன்பது மாதம் ஓட்டிய பிறகு இன்னும் பளபளப்பாக்க ஒரு பாலிஷ் கடைக்குக் கொண்டுபோனார். வண்டியின் சில பாகங்கள் ஏற்கனவே மறுபூச்சு கண்டவை என்று அந்தக் கடைக்காரர் கண்டுபிடித்தார். ஜெர்மனியிலிருந்து வந்த வழியில் அமில மழையால் பூச்சு கெட்டிருக்கலாம் என்று கருதப்பட்டது. பழுதுச் செலவு விலையில் 3 சதவீதத்துக்குள் இருந்தால் டீலருக்குக்கூடச் சொல்லாமல் புதிதாகவே விற்பது அந்த நிறுவனத்தின் கொள்கை. இந்த வண்டிக்கு ஆன செலவு சுமார் 600 டாலர். ஜூரி 4,000 டாலர் இழப்பீடும் 40 லட்சம் டாலர் தண்டத் தொகையும் விதித்தது. மாநில உச்ச நீதிமன்றம் தண்டத்தை 20 லட்சமாகக் குறைத்தது. 1996-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதுவும் மிகையென்று ரத்துசெய்ய, முடிவில் 50,000 டாலரில் நின்றது. சட்ட மாணவர்கள் இதைத் தண்டத் தொகையின் வரம்புக்காகப் படிக்கிறார்கள். கார் வாங்குபவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. பழுது பார்த்தது அங்கே பிரச்சினையாகவில்லை. சொல்லாமல் விட்டது பிரச்சினையாயிற்று.

இந்தியச் சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, புதுப்பித்த அல்லது பழைய பொருளைப் புதியது என்று பொய்யாகச் சொல்லி விற்பதை நியாயமற்ற வணிக முறை என்று வரையறுக்கிறது. கோவாவில் 2011-இல் வாங்கிய டாடா கார் உண்மையில் 2009 தயாரிப்பு என்று எழுந்த வழக்கில், 2021-இல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான கோட்டைப் போட்டது: டீலர் செய்தது உற்பத்தியாளருக்குத் தெரிந்திருந்தது என்று நிரூபிக்காமல் அவரைப் பொறுப்பாக்க முடியாது. ஆகவே டெலிவரிக் கட்டத்தில் நடந்த பாலிஷுக்கு யாரிடம் கேட்பது என்பதை வாங்குபவர் முதலிலேயே தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும்.

நடைமுறையில் செய்ய வேண்டியவை சில. பணம் முழுவதும் கட்டுவதற்கு முன், பதிவு எண் வாங்குவதற்கு முன், வண்டியைப் பகல் வெளிச்சத்தில் கழுவிய நிலையில் பாருங்கள். செல்போன் விளக்கைச் சாய்த்துப் பிடித்து பானட், கூரை, கதவுகளைப் பாருங்கள். பூச்சின் தடிமனை அளக்கும் சிறு கருவி இருந்தால் இன்னும் நல்லது. 90 முதல் 150 மைக்ரானுக்குள் எங்கும் ஏறக்குறைய ஒரே எண் வந்தால் தொழிற்சாலைப் பூச்சு என்று நம்பலாம். ஒரு கதவு மட்டும் 250 காட்டினால் மறுபூச்சு. 500-ஐத் தாண்டினால் அடியில் பட்டி இருக்க வாய்ப்பு அதிகம். இந்த வகைக் கருவி தகட்டின் மேல்தான் வேலை செய்யும். பிளாஸ்டிக் பம்பரில் செய்யாது. குறை கண்டால் டெலிவரிக் காகிதத்திலேயே எழுதி, படம் எடுத்து, கையெழுத்து வாங்குங்கள். “எங்கள் ஆளே பாலிஷ் போட்டுத் தருவார்” என்று சொன்னால், யார், எந்த மிஷினில் செய்கிறார்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. பாலிஷ் போட வேண்டாம், கழுவவும் வேண்டாம், அப்படியே கொடுங்கள் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது எல்லாவற்றிலும் நல்லது.

எதை, எப்படி, எவ்வளவு

வீட்டு வைத்தியத்திலிருந்து தொடங்கலாம். கீறலில் தேங்காய் எண்ணெய் தடவினால் மறைந்துபோகும். எண்ணெய் பள்ளத்தை நிரப்புவதால் ஒளி சிதறாமல் போகிறது. இரண்டு முறை கழுவினால் கீறல் திரும்ப வரும். கடைகளில் விற்கும் மெழுகும் கிளேஸும் பெரும்பாலும் இதே வேலையைத்தான் நயமாகச் செய்கின்றன. இதில் தீங்கில்லை. மறைப்பது வேறு, நீக்குவது வேறு என்று தெரிந்து வாங்கினால் போதும். பற்பசையில் தேய்க்கும் துகள் இருக்கிறது. கீறலை மங்கச் செய்துவிட்டுச் சுற்றிலும் புகை படர்ந்தாற்போல ஒரு திட்டை விட்டுவிடும்.

துடைத்த கோடுகளுக்கும் ஹோலோகிராமுக்கும் சரியான வழி, சுழன்றுகொண்டே ஆடுகிற டியூயல் ஆக்‌ஷன் மிஷினும், பஞ்சு பேடும், மிக மெல்லிய பாலிஷும். ஒரு சாண் அளவு இடத்தில் முதலில் முயன்று, அது போதுமென்றால் அதையே எல்லா இடத்திலும் செய்ய வேண்டும். கரடான காம்பவுண்டில் தொடங்கி மெல்லியதுக்கு வருவது பழைய வழி. மெல்லியதில் தொடங்கி, போதாவிட்டால் மட்டும் ஒரு படி ஏறுவது பூச்சைக் காக்கும் வழி. நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது செய்ய வேண்டும். முடிந்ததும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலந்த நீரால் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். எண்ணெய்ப் பசை போய், உண்மையான பரப்பு தெரியும். நல்ல வேலைக்காரர் இதற்குத் தயங்க மாட்டார்.

நகம் மாட்டாத தனிக் கீறலை முழுக்கப் போக்கக் கீறலின் ஆழம் வரை சுற்றுப் பூச்சைக் குறைக்க வேண்டும். அதன் கூர்விளிம்பை மட்டும் மழுக்கினாலே பார்வையிலிருந்து பாதி மறைந்துவிடும். இது போதும் என்று நிறுத்துவது நல்ல முடிவு. நகம் மாட்டும் கீறலைத் தேய்க்கவே கூடாது. வண்டியில் குறித்திருக்கும் நிற எண்ணைச் சொல்லி டச்-அப் பெயிண்ட் வாங்கி, ஊசிமுனைத் தூரிகையால் சொட்டுச் சொட்டாக நிரப்ப வேண்டும். தகடு தெரியும் கீறலை உப்புக் காற்றில் ஒரு வாரம்கூட விடக் கூடாது; அழகுக்காக இல்லாவிட்டாலும் துருவுக்காக.

ஒரு பேனல் முழுவதும் மறுபூச்சு என்பது கடைசி வழி. பட்டறையில் வண்டியை 140 டிகிரியில் வேகவைக்க முடியாது. வயரும் பிளாஸ்டிக்கும் உருகும். 60, 70 டிகிரியில் இறுகும் இரு-கலவைப் பெயிண்டைத்தான் அடிக்க வேண்டும். அது நல்ல பூச்சுதான், ஆனால் தொழிற்சாலைப் பூச்சு மாதிரி வராது. அதன் இறுக்கியில் இருக்கும் ஐசோசயனேட், அடிப்பவரின் நுரையீரலைக் கெடுத்து ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு திறந்தவெளியில் ஸ்ப்ரே கன் பிடிக்கும் பையன்களை நம் தெருக்களில் பார்க்கிறேன். கண்ணுக்கே தெரியாத ஒரு கோட்டுக்காகக் கதவு முழுவதும் அடிக்கச் சொல்லும்போது, அந்த மூச்சையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மேலே போடும் கவசங்கள்

டெலிவரியோடு சேர்த்து விற்கப்படும் செராமிக் கோட்டிங்கை எடுத்துக்கொள்வோம். ‘9எச்’ கடினம் என்பார்கள். அது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. மோஸ் அளவில் 9 என்றால் மாணிக்கக் கல், இரண்டுக்கும் சம்பந்தமில்லை. அந்தப் படலத்தின் கனம் பெரும்பாலும் ஓரிரு மைக்ரான். தண்ணீர் வழுக்கி ஓடும், அழுக்கு ஒட்டுவது குறையும், கழுவுவது எளிதாகும். இவை உண்மையான பலன்கள். துடைத்த கீறலையும் சாவிக் கோட்டையும் அது தடுக்காது. அதைப் போடுவதற்கு முன் கட்டாயமாக ஒரு பாலிஷ் போடுவார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

பிபிஎஃப் என்ற தெளிவான பாலியுரித்தேன் படலம் 150 முதல் 200 மைக்ரான் கனம். முழுப் பூச்சையும்விட அதிகம். கல்லடியையும் கீறலையும் உண்மையிலேயே வாங்கிக்கொள்ளும். மெல்லிய கீறல் சூடு பட்டால் தானே மறையும். விலை அதிகம். பானட்டுக்கும் பம்பருக்கும் கதவுக் கைப்பிடிக் குழிக்கும் மட்டும் ஒட்டினாலே பெரும்பலன் உண்டு. பூச்சையே தானாக ஆறும்படி செய்யும் முயற்சியும் நடந்தது. நிசான் நிறுவனம் நிப்பான் பெயிண்டோடு சேர்ந்து 2005-இல் ‘ஸ்க்ராட்ச் ஷீல்டு’ என்ற மீள்திறன் கொண்ட கிளியர் கோட்டை அறிவித்தது. வெப்பநிலையைப் பொறுத்து ஒரு நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் மெல்லிய கோடுகள் மறையும். ஆனால் எல்லாக் கார்களுக்கும் அது வந்துவிடவில்லை.

இரண்டு பக்கெட் தண்ணீர்

செலவில்லாத, பலன் மிகுந்த வழி கழுவும் முறையை மாற்றுவது. 2019 கோடையில் சென்னை முழுவதும் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றது. குடிதண்ணீரைக் காருக்கு ஊற்றச் சொல்ல எனக்கு மனம் வராது. நிறையத் தண்ணீர் தேவையும் இல்லை. செடிக்கு மருந்தடிக்கும் கைப் பம்ப்பில் 5 லிட்டர் பிடித்து, மேலிருந்து கீழாகத் தெளித்துத் தூசியை முதலில் இறக்கிவிட வேண்டும். கை வைப்பது அதற்குப் பிறகுதான். ஒரு பக்கெட்டில் கார் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் துணியை ஷாம்பில் நனைத்து ஒரு பேனலைத் துடைத்ததும், வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பில் முக்க வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழே வர வேண்டும். சக்கரத்துக்கும் அடிப்பகுதிக்கும் தனித் துணி. ஈரத்தைத் தேய்க்காமல் துண்டை விரித்துப் போட்டு ஒற்றி எடுக்க வேண்டும். கழுவ முடியாத நாளில் தூசியோடே வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம். உலர்ந்த துணியை மட்டும் தொடக் கூடாது.

காலையில் கார் துடைக்க வரும் ஆளுக்கு மாதச் சம்பளம் கொடுக்கிறோம். கையில் ஒரே துணி, ஒரே பக்கெட், பத்து வண்டி. அவரைக் கோபித்துப் பயனில்லை. உங்கள் வண்டிக்கு இரண்டு நல்ல துணியும் ஒரு பம்ப்பும் வாங்கிக் கொடுத்து, தினமும் வேண்டாம், வாரம் இரண்டு நாள் போதும், அதே சம்பளம் என்று சொல்லிப் பாருங்கள்.

காப்பீடும் ஆணையமும்

சிறு கீறலுக்குக் காப்பீடு கேட்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். க்ளெய்ம் இல்லாத முதல் ஆண்டுக்கு சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி; அது படிப்படியாக ஐந்தாம் ஆண்டுக்குப் பின் 50 சதவீதம் வரை ஏறும். ஒரு கதவுக் கீறலுக்குக் கேட்டால் இது போய்விடும். 1,500 சிசி வரையுள்ள காருக்கு 1,000 ரூபாய் எப்படியும் நம் கையிலிருந்துதான். சாதாரண பாலிசியில் பெயிண்ட் பொருளுக்கு 50 சதவீதத் தேய்மானமும் கழிப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஓரிரு பேனலுக்குக் குறைவான வேலைக்குக் கைக்காசே லாபம்.

மறுபூச்சு கண்ட வண்டியைப் புதிதென்று விற்றது உறுதியானால், முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 50 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அதுவே போதும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கால வரம்பு இரண்டு ஆண்டு. 2020 விதிகளின்படி 5 முதல் 10 லட்சம் விலைக்கு மனுக் கட்டணம் 200 ரூபாய்தான். தடிமன் கருவி காட்டிய எண்கள், பகல் வெளிச்சப் படங்கள், டெலிவரிக் காகிதத்தில் எழுதிய குறிப்பு ஆகியவை வழக்கின் உயிர். அவசரப்பட்டு நீங்களே ஒரு பாலிஷ் போட்டுவிட்டால், அந்தச் சாட்சியை நீங்களே துடைத்தவராகிறீர்கள்.

விட்டுவிடத் தெரிவது

இந்தப் பக்கத்தில் புதுக் கார் வாங்குபவர்களில் பலருக்கு அது கடனில் வந்த பிழைப்பு; மஞ்சள் போர்டு மாட்டி மறுநாளே சவாரிக்குப் போகும் வண்டி. ஐந்து வருஷம் கழித்து விற்கும்போது பூச்சின் நிலை கைக்குக் காசாக வரும். அப்போது உதவுவது கீறல் இல்லாத பூச்சைவிடக் கனம் குறையாத பூச்சு. வருஷா வருஷம் பஃபிங் போட்டு மினுக்கிய வண்டி ஏழாம் வருஷம் உரியும். சில கோடுகளோடு வாழ்ந்த வண்டி அப்போதும் நிறத்தோடு நிற்கும். ஆசையிருந்தால் விற்பதற்கு முன் ஒரே ஒரு முறை நல்ல கையில் மெல்லிய பாலிஷ் கொடுத்துக்கொள்ளலாம். அதற்குக் கொடுக்கப் பூச்சு மிச்சமிருக்கும்.

திருவொற்றியூரில் டேங்கின் மேல் கோடு இழுத்த கைகளுக்குத் தூரிகையை எங்கே தூக்குவது என்று தெரிந்திருந்தது. அந்த அறிவு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. அடுத்த பூஜைக்கு மாலையின் அடியில் ஒரு மெல்லிய துண்டைப் போடுவோம். சந்தனம் காய்ந்திருந்தால் தண்ணீரில் ஊறவிட்டு ஒற்றி எடுப்போம். மறுநாள் காலையில் மாலையை இழுக்காமல், இரண்டு பேராகப் பிடித்துத் தூக்கி எடுப்போம்.